சப்ளை செயின் எங்கே சிக்குகிறது, தொழில்நுட்பம் எதை அவிழ்க்கிறது?

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் சேய்கி நிறுவனத்தின் ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. அங்கே தயாரானது ஒரு சின்ன வால்வு. பிரேக்கை மிதிக்கும்போது பின்சக்கரங்களுக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதைச் சீராக்கும் பாகம். சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும், விலையும் பெரிதில்லை. ஆனால் டொயோட்டாவின் ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் அந்த வால்வு அந்த ஓர் ஆலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. டொயோட்டாவிடம் இருந்த ஸ்டாக் சில மணி நேரத்துக்கு மட்டுமே வரும். அடுத்த சில நாட்களில் ஜப்பானில் அதன் அசெம்பிளி லைன்களில் பெரும்பாலானவை நின்றுபோயின.

அதிலிருந்து மீண்ட விதமும் சொல்லத் தக்கது. ஐசின் தன் வரைபடங்களை எடுத்து மற்ற சப்ளையர்களிடம் கொடுத்தது. கார் பாகமே செய்திராத ஒரு தையல் மெஷின் கம்பெனி உட்படப் பல நிறுவனங்கள், கையில் இருந்த மெஷின்களை வைத்தே அந்த வால்வைக் கடைந்து கொடுத்தன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் லைன்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

சப்ளை செயினின் பலமும் பலவீனமும் இந்த ஒரே சம்பவத்தில் தெரிந்துவிடும். ஒரு பொருளைச் செய்யத் தேவையான எல்லாமும், சுரங்கத்திலிருந்தோ வயலிலிருந்தோ புறப்பட்டு, பல கைகள் மாறி, கடைசியில் வாங்குபவர் கைக்கு வந்து சேரும் வழிதான் சப்ளை செயின், அதாவது விநியோகச் சங்கிலி. இரும்புத் தாது எஃகாகி, எஃகு கம்பியாகி, கம்பி போல்ட்டாகி, போல்ட் கியர் பாக்ஸுக்குள் போய், கியர் பாக்ஸ் காருக்குள் போகும். இந்த வழியில் சரக்கு கீழ்நோக்கி வருகிறது, பணம் மேல்நோக்கிப் போகிறது. மூன்றாவதாக, தகவல் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும்: என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வரும், எங்கே நிற்கிறது. சரக்கும் பணமும் ஓரளவு ஒழுங்காகவே நகர்கின்றன. தகவல்தான் தாமதமாக வருகிறது, பாதி வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. இன்றைய சிக்கல்களில் பலவும், அவற்றுக்கு வந்திருக்கும் தொழில்நுட்பங்களில் பலவும் கடைசியில் இந்த ஓர் இடத்தில்தான் வந்து முட்டுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள்

ஒரு நிறுவனத்துக்கு நேரடியாகச் சரக்கு கொடுப்பவர் முதல் அடுக்கு சப்ளையர். அவருக்குக் கொடுப்பவர் இரண்டாம் அடுக்கு, அவருக்குக் கொடுப்பவர் மூன்றாம் அடுக்கு. முதல் அடுக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லா நிறுவனத்துக்கும் தெரியும். பில் போடுகிறார்கள், பணம் வாங்குகிறார்கள், தெரியாமல் எப்படி இருக்கும்? இரண்டாம் அடுக்குக்குப் போனதும் பார்வை மங்கிவிடுகிறது. மூன்றாம் அடுக்கு பல நிறுவனங்களுக்கு இருட்டுதான்.

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது இது வெளிப்பட்டது. காருக்குப் பளபளப்பு தரும் ஸிராலிக் என்ற நிறமிப் பொடியை மெர்க் நிறுவனம் ஒனஹாமா என்ற ஊரில் இருந்த ஒரே ஓர் ஆலையில்தான் செய்துகொண்டிருந்தது. அந்த ஆலை நின்றதும், உலகின் வேறு மூலைகளில் இருந்த கார் கம்பெனிகள் சில கறுப்பு, சிவப்பு வண்ணங்களுக்கான ஆர்டரைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. பெயிண்டை வெவ்வேறு கம்பெனிகளிடம் வாங்கினோம், ஆகவே பாதுகாப்பாக இருக்கிறோம் என்றுதான் வாங்குபவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தப் பெயிண்ட் கம்பெனிகள் எல்லாம் நிறமிக்கு ஒரே வாசலில் நின்றன.

இப்படி அடுக்குகள் மேலே போகப் போகப் பல வழிகள் ஒரே புள்ளியில் போய்ச் சேருவது சப்ளை செயினில் சகஜம். அதிநவீன சிப்களைப் பொறிக்க உதவும் ஈயூவி லித்தோகிராபி இயந்திரத்தை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் என்ற ஒரே கம்பெனிதான் செய்கிறது. அந்த அதிநவீன சிப்களில் மிகப் பெரும்பகுதி தைவானில் தயாராகிறது. யாரும் சதி செய்து இப்படி ஆக்கவில்லை. மிகக் கடினமான ஒரு வேலையை ஒருவர் நன்றாகச் செய்தால் எல்லோரும் அவரிடமே போகிறார்கள். அடுத்தவருக்கு அதே அளவு முதலீடு போடத் துணிச்சல் வருவதில்லை.

ஸ்டாக்கை ஏன் குறைத்தார்கள்

கிடங்கு நிறைய பாகங்களை வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கிடங்கில் தூங்கும் ஒவ்வொரு பாகமும் முடங்கிக் கிடக்கும் பணம். அதற்கு வட்டி உண்டு, இடவாடகை உண்டு, பழசாகிப்போகும் ஆபத்தும் உண்டு. இன்னொரு நுட்பமான காரணமும் இருக்கிறது. ஸ்டாக் நிறைய இருந்தால் தவறு தெரியாது. ஒரு மெஷின் நூற்றுக்குப் பத்து பாகத்தைக் கெடுத்தாலும், குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டு வேலை ஓடிவிடும். ஸ்டாக்கைக் குறைத்தால் கெட்ட பாகம் உடனே லைனை நிறுத்தும், உடனே யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

டொயோட்டாவில் பொறியாளர் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை இதுதான். தேவையானது, தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும். ஆங்கிலத்தில் ஜஸ்ட் இன் டைம் என்பார்கள். பாகம் தீர்ந்த பெட்டியோடு கான்பான் என்ற அட்டை முந்தைய பிரிவுக்குப் போகும். அந்த அட்டை வந்தால்தான் அவர்கள் அடுத்த தொகுதியைச் செய்வார்கள். உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் இதைப் பின்பற்றின. ஸ்டாக்கைக் குறைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, கூடவே வர வேண்டிய மற்றதை விட்டுவிட்டவர்களும் நிறைய. சப்ளையரோடு நெருக்கமான உறவு, லைனை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளியிடமே கொடுப்பது, இவையெல்லாம் அந்த முறையின் மறுபாதி. ஆபத்து வந்தபோது ஐசினின் வால்வை ஒரு வாரத்தில் பிறர் செய்து கொடுத்தார்கள் என்றால், அந்த மறுபாதி அங்கே உயிரோடு இருந்தது.

2011க்குப் பிறகு டொயோட்டா தன் அடுக்குகளைத் தோண்டிப் பார்த்துப் பட்டியல் போட்டது. கிடைக்க நீண்ட காலம் ஆகும் சிப் போன்றவற்றை மாதக்கணக்கில் ஸ்டாக் வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டது. ஆகவே 2021இன் தொடக்கத்தில் போட்டியாளர்கள் சிப் இல்லாமல் திண்டாடியபோது அது ஓரளவு சமாளித்தது. அப்புறம் மலேசியாவிலும் வியட்நாமிலும் கொரோனா அலையால் பாக ஆலைகள் மூடப்பட்டன. டொயோட்டாவும் 2021 செப்டம்பர் உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டது. பட்டியல் போட்டவருக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது, கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

10 சதவீதம் ஏறினால் என்ன ஆகும்

இனி வருவது சப்ளை செயினைப் புரிந்துகொள்ள நான் மிக முக்கியம் என்று நினைக்கும் பகுதி. கொஞ்சம் கணக்கு இருக்கிறது, கூட்டலும் கழித்தலும் மட்டும்தான்.

ஒரு கடையில் ஒரு பொருள் வாரம் 100 விற்கிறது. கடைக்காரர் எப்போதும் இரண்டு வார விற்பனைக்கு ஈடான சரக்கை, அதாவது 200, கைவசம் வைத்திருப்பார். இந்த வாரம் 110 விற்றுவிட்டது. இனிமேல் இதுதான் வேகம் என்று நினைக்கிறார். அப்படியானால் கையிருப்பு 220 ஆக வேண்டும். விற்றுப்போன 110, கூடுதலாகத் தேவைப்படும் 20, ஆக 130க்கு ஆர்டர் போடுகிறார்.

மொத்த வியாபாரிக்கும் இதே இரண்டு வார வழக்கம்தான். கடையில் விற்றது 110 என்று அவருக்குத் தெரியாது, அவர் பார்ப்பது 130 என்ற ஆர்டரை மட்டும். தன் கையிருப்பை 200இலிருந்து 260 ஆக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, 130ஐயும் 60ஐயும் சேர்த்து 190 ஆர்டர் செய்கிறார். தொழிற்சாலைக்குத் தெரிவது 190. அது தன் கையிருப்பை 380 ஆக்க நினைத்து, 190ஐயும் 180ஐயும் சேர்த்து 370 பொருளுக்கான மூலப்பொருளைக் கேட்கிறது.

வாங்குபவர்கள் கூட்டியது 10 சதவீதம். மூலப்பொருள் ஆர்டர் ஏறியது 270 சதவீதம். யாரும் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அடுத்த வாரம் விற்பனை மறுபடி 100க்கே வந்துவிட்டது. கடைக்காரரின் தேவை 200ஆகச் சுருங்க, அவர் 80 மட்டும் கேட்கிறார். மொத்த வியாபாரி 80 கொடுத்த பிறகும் அவரிடம் 180 மீதி இருக்கிறது. அவர் புதுக் கணக்குப்படி 160 போதும். அவர் ஆர்டரே போடவில்லை. போன வாரம் 190 கேட்ட வாடிக்கையாளர் இந்த வாரம் பூஜ்யம் கேட்கிறார் என்றால், தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டம் போடுபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஓவர்டைமுக்கு ஆள் சொல்லியாயிற்று, மூலப்பொருளும் லாரியில் ஏறிவிட்டது.

இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். கைப்பிடியில் லேசாகச் சுண்டினால் நுனி பெரிதாக வீசுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே பாரஸ்டர் 1950களின் இறுதியிலேயே இதை விளக்கிவிட்டார். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை டயப்பர் விற்பனையில் இதைக் கவனித்தது பின்னாளில் பாடப்புத்தகங்களுக்கே உதாரணமாகிவிட்டது. குழந்தைகள் வாரா வாரம் ஒரே அளவில்தான் டயப்பர் நனைக்கின்றன, ஆனால் ஆலைக்கு வந்த ஆர்டர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

2020க்குப் பிறகு நடந்த சிப் பஞ்சத்தில் இந்த விளைவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊரடங்கு வந்ததும் கார் விற்காது என்று கார் கம்பெனிகள் சிப் ஆர்டரை வெட்டின. அதே சமயத்தில் வீட்டில் இருந்தவர்கள் லேப்டாப்பும் கேம் கன்சோலும் வாங்கிக் குவித்தார்கள். சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. கார் விற்பனை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மீண்டபோது வரிசையில் கார் கம்பெனிகள் கடைசியில் நின்றன. ஒரு சிலிக்கான் தகடு ஆலைக்குள் நுழைந்து சிப்பாக வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். அவசரம் என்று சொல்லி அதை வேகப்படுத்த முடியாது. கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் பலர் இரண்டு மூன்று இடங்களில் ஒரே சரக்குக்கு ஆர்டர் போட, தேவை இன்னும் ஊதிப் பெருத்தது. 2022இல் காற்று மாறியது. அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைகள் விற்காத சரக்கு குவிந்து தவித்தன.

இதற்கு மருந்து என்ன? மேற்படிக் கணக்கில், தொழிற்சாலைக்கு கடையின் 110 நேரடியாகத் தெரிந்திருந்தால் 370 என்ற எண் பிறந்தே இருக்காது. பணமோ புது மெஷினோ தேவையில்லை, ஓர் எண் இரண்டு படி தாண்டிப் போயிருந்தால் போதும். சொல்வது சுலபம். கடைக்காரர் தன் விற்பனைக் கணக்கை மேலே காட்டத் தயங்குவார், விலை பேரத்தில் அதை வைத்தே தன்னை மடக்குவார்களோ என்ற பயம்.

கடல், வறட்சி, அரசியல்

உலக வணிகச் சரக்கில் அளவுப்படி 80 சதவீதத்துக்கும் மேல் கடல் வழியாகத்தான் போகிறது. கடல் பரந்தது, ஆனால் கப்பல் போகும் வழிகள் சில இடங்களில் ஊசிக்காதுபோல் ஒடுங்கியவை. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி ஆறு நாள் நின்றது. அப்போது உலக வணிகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் அந்தக் கால்வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினரின் தாக்குதல்களுக்கு அஞ்சிப் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுமார் பத்து நாளோ அதற்கு மேலோ கூடியது. அதே 2023இல் பனாமா கால்வாய்க்கு வேறு விதமான சோதனை. கப்பல்களை ஏற்றி இறக்கும் மடைகளுக்கு காட்டூன் ஏரியின் நன்னீர்தான் வேண்டும். மழை பொய்த்து ஏரி வற்றியதால், வழக்கமாக நாளுக்கு 36 கப்பல் வரை போன இடத்தில் டிசம்பரில் 22 என்று குறைத்தார்கள்.

பத்து நாள் தாமதம் என்றால் என்ன அர்த்தம்? ஒரு தொழிற்சாலை நாளுக்கு 1,000 பாகங்களைப் பயன்படுத்துகிறது என்று வையுங்கள். பயணம் பத்து நாள் நீண்டால், எந்த நேரமும் 10,000 பாகங்கள் கூடுதலாகக் கடலில் மிதந்துகொண்டிருக்கும். அவற்றுக்கான பணம் கட்டியாயிற்று, பயன் இன்னும் இல்லை. அந்தப் பத்து நாள் நிச்சயமாகத் தெரிந்திருந்தால்கூடத் திட்டமிட்டுக்கொள்ளலாம். சில வாரம் பத்து, சில வாரம் இருபது என்றால்தான் உண்மையான தலைவலி. சப்ளை செயின் வேலையில் இருப்பவர்களைக் கேட்டால், நிலையில்லாத வேகத்தைவிட நிலையான மெதுவே மேல் என்பார்கள்.

அரசியல் தடைகள் இன்னும் கடினமானவை, ஏனென்றால் அவற்றுக்கு மாற்றுப்பாதை சுலபத்தில் கிடைக்காது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதியைக் கட்டாயமாக்கியது. அந்தத் தனிமங்களைச் சுத்திகரிக்கும் வேலையில் மிகப் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. காந்தம் வராமல் சில கார் ஆலைகள் தற்காலிகமாக நின்றன. போர்டு கார் நிறுவனத்தின் சிகாகோ ஆலை அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு ஒரு நாட்டை மட்டும் நம்பாமல் இரண்டாவது இடத்திலும் ஆலை வைப்பது, சந்தைக்குப் பக்கத்திலேயே உற்பத்தி செய்வது என்று நிறுவனங்கள் நகர்கின்றன. இதில் செலவு கூடும். ஆலை மாறினாலும் அதற்குள் வரும் பாகம் பழைய இடத்திலிருந்தே வருகிறதா என்பதைப் பார்க்காவிட்டால் மாறியதாக நினைத்துக்கொள்வது மட்டுமே மிச்சம்.

சட்டங்களும் மாறுகின்றன. எஃகு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பினால் அவை தயாரானபோது எவ்வளவு கார்பன் வெளியானது என்ற கணக்கு இப்போது கேட்கப்படுகிறது. 2023 அக்டோபரில் வெறும் அறிக்கையாகத் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் பணக் கணக்காகிவிட்டது. அங்கே மின்வாகன பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரியிலிருந்து டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது பேட்டரியின் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவு, வேண்டும். முன்பு மூன்றாம் அடுக்கு தெரியாவிட்டால் நஷ்டம் மட்டும்தான், இனி சட்டமும் கேட்கும்.

கம்ப்யூட்டர் படுத்தால்

எல்லாவற்றையும் இணைத்தால் எல்லாம் சேர்ந்து விழும் ஆபத்தும் வருகிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தாக்குதல் மென்பொருள் உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவியது. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கின் கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்து இருண்டன. துறைமுக வாசல்களில் லாரிகள் வரிசையில் நின்றன. எந்தக் கன்டெய்னரில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை, ஏனென்றால் அது எழுதப்பட்டிருந்த இடமே அழிந்துவிட்டது. பத்து நாளில் ஏறத்தாழ 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவினார்கள். யாருக்கு எந்த அனுமதி என்ற அடிப்படைப் பதிவை வைத்திருக்கும் சர்வர்கள் உலகெங்கும் அழிந்துபோக, கானாவில் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனம் கணக்கிட்டது.

தொழில்நுட்பம்: முதலில் பார்ப்பது, பிறகுதான் மற்றது

சரி, இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள்? புதிய தொழில்நுட்பங்களின் பெயர்ப்பட்டியல் நீளமானது. அதில் எது எதற்கு என்று பிரித்துக்கொண்டால் மலைப்பு குறையும்.

சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பவை ஒரு கூட்டம். 1974 ஜூனில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில்தான் கடை பார்கோடு முதன்முதலில் ஸ்கேன் செய்யப்பட்டது. அந்த வரிசையில் ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே படிக்கும் ஆர்எப்ஐடி ஒட்டு, கன்டெய்னரில் ஜிபிஎஸ், மருந்துப் பெட்டிக்குள் வெப்பமானி எல்லாம் வந்துவிட்டன. இவை மந்திரம் செய்வதில்லை. ஒருவர் தாளில் எழுதி மாலையில் கம்ப்யூட்டரில் ஏற்றியதை, அந்தக் கணத்திலேயே ஏற்றுகின்றன. அந்த அரை நாள் வித்தியாசம்தான் இவற்றின் மொத்த மதிப்பு. பல சமயம் அது போதும்.

மெஷின்களைக் கவனிப்பவை அடுத்தது. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் எனக்குத் தெரிந்து போட்ட காசு சீக்கிரம் திரும்ப வாய்ப்புள்ள இடம் இது. நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும் ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 சுற்று. அதன் பேரிங்கில் எட்டுக் குண்டுகள் இருக்கின்றன. வெளி வளையத்தில் முடி அளவு விரிசல் விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு மெல்லிய தட்டு விழும். குண்டுகள் தண்டைவிட மெதுவாகவே நகர்வதால், நொடிக்கு ஏறத்தாழ 80 தட்டு என்று கணக்கு வரும். மனிதக் காதுக்கு மோட்டார் இரைச்சலில் அது கேட்காது. மேலே ஒட்டிய அதிர்வு சென்சார் அந்த 80ஐத் தனியாகப் பிரித்துக் காட்டும். முதலில் அதிர்வு மாறும், வாரங்கள் கழித்துச் சூடு ஏறும், அதற்கப்புறம்தான் காதுக்குக் கேட்கும் கரகரப்பு வரும். கரகரப்பு வந்த பிறகு பேரிங் வாங்க ஆள் அனுப்பினால் லைன் நிற்கும். அதிர்வு மாறும்போதே தெரிந்தால், ஆர்டர் போட்டு வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக மாற்றிவிடலாம். முன்கணிப்புப் பராமரிப்பு என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டாரில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்ட பழைய பிட்டர்கள் செய்ததும் இதுவே, அவர்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்கள், இடத்துக்கு ஆள் வருவதில்லை.

ஆலையின் கணினி மாதிரி ஒன்றைச் செய்து, உண்மையான மெஷின்களிலிருந்து வரும் தரவை அதற்குள் தொடர்ந்து ஊட்டினால் அது டிஜிட்டல் ட்வின். மூன்றாவது ஷிப்ட் போட்டால் எங்கே நெரியும், ஒரு சப்ளையர் நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்று முதலில் அதில் ஓட்டிப் பார்க்கலாம். தரவு பழசாக இருந்தால் அது அழகான படம் மட்டும்.

ரோபோவும் ஏஐயும்

தொழிற்சாலையில் ரோபோ புதிதல்ல. 1961இல் ஜெனரல் மோட்டார்ஸின் நியூ ஜெர்சி ஆலையில் யூனிமேட் என்ற ரோபோக் கை சூடான வார்ப்புகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டது. இப்போது உலகில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலை ரோபோக்கள் ஓடுகின்றன. புதியது என்னவென்றால், மனிதர் பக்கத்திலேயே கூண்டு இல்லாமல் வேலை செய்யும் சிறிய கைகளும், கிடங்கில் தானே வழி கண்டுபிடித்து ஓடும் வண்டிகளும்தான்.

ரோபோவுக்குப் பிடித்தது ஒரே மாதிரி வரும் கெட்டியான பொருள். தொளதொளவென்ற பொருள் வந்தால் திணறும். 2018இல் டெஸ்லா ஆலையில் பேட்டரி மேல் வைக்கும் பஞ்சுபோன்ற ஒரு மெல்லிய கண்ணாடி இழைப் பாயை எடுத்து வைக்க ரோபோ படாத பாடு பட்டது. அந்தப் பாய் தேவைதானா என்று சோதித்துப் பார்த்தபோது, இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தவறு என்று ஈலான் மஸ்க்கே அப்போது ஒத்துக்கொண்டார். ஒரு வேலையை ரோபோவிடம் கொடுப்பதற்கு முன் அந்த வேலை வேண்டுமா என்று கேட்பது எவ்வளவு மலிவான சோதனை பாருங்கள்.

ஏஐ இப்போது இரண்டு இடங்களில் நன்றாகக் கால் ஊன்றியிருக்கிறது: தேவையைக் கணிப்பதிலும், கேமரா வைத்துக் குறை கண்டுபிடிப்பதிலும். இரண்டாவதில் ஒரு கண்ணி உண்டு, விற்பனைப் பேச்சில் அது வருவதே இல்லை. 99 சதவீதத் துல்லியம் என்று ஒரு கேமரா அமைப்பை விற்கிறார்கள் என்று வையுங்கள். நாளுக்கு 10,000 பாகம் ஓடுகிறது, அதில் உண்மையில் குறையுள்ளவை 10. அந்தப் பத்தையும் அது பிடித்துவிடும் என்றே கொள்வோம். மீதி 9,990 நல்ல பாகங்களில் ஒரு சதவீதத்தை, ஏறத்தாழ 100 பாகத்தை, குறையென்று தவறாக ஒதுக்கும். ஆக ஒதுக்கிய 110இல் 100 நல்லவை. ஒரு வாரத்தில் லைனில் இருப்பவர் அந்தக் கேமராவை நம்புவதை விட்டுவிடுவார், பிறகு உண்மையான குறை வந்தாலும் தள்ளிவிடுவார். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி துல்லியம் எத்தனை என்பதல்ல, நல்ல பாகத்தில் எத்தனையைத் தவறாக ஒதுக்கும் என்பதுதான்.

தேவைக் கணிப்பில் ஏஐ, பண்டிகை, வானிலை, விலை என்று மனிதர் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க முடியாத அளவு காரணங்களைச் சேர்த்துப் பார்க்கும். சாதாரணக் காலத்தில் இதனால் நல்ல பலன் உண்டு. ஆனால் அது கற்றது கடந்த காலத்திலிருந்து. 2020 போன்ற ஒரு வருடத்தை முன்பு பார்த்திராத எந்தக் கணிப்பு முறையும் அந்த வருடம் கைவிட்டுவிட்டது. சாட்ஜிபிடி போன்ற சமீபத்திய மொழி மாதிரிகள் சப்ளையர் மின்னஞ்சல்களைப் படித்து, தேதி தள்ளிப்போனதை எடுத்துக் கணக்கில் ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. கவர்ச்சியில்லாத வேலைதான். ஆனாலும் தகவல் தாமதமாகும் இடம் அதுவாகவே இருப்பதால், எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

எடுபடாமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018இல் டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தை அறிவித்தன. கப்பல் சரக்கின் ஆவணங்கள் எல்லாம் யாரும் திருத்த முடியாத ஒரே பொதுப் பதிவில் இருக்கும் என்பது திட்டம். 2022 நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். கப்பல் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒத்துழைக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். போட்டியாளர் ஒருவர் நடத்தும் தளத்தில் தன் சரக்கு விவரத்தைக் கொண்டுபோய்க் கொட்ட யாருக்கு மனம் வரும்? கடைக்காரர் தன் 110ஐ மேலே காட்டத் தயங்கியதும் இதே பயத்தில்தான்.

முப்பரிமாண அச்சை, அதாவது 3டி பிரின்டிங்கைப் பற்றி ஒரு வரி: விமான இன்ஜினின் எரிபொருள் முனையை, முன்பு 20 பாகங்களைச் சேர்த்துச் செய்ததை, ஜிஇ நிறுவனம் ஒரே பாகமாக அச்சிடுகிறது. அந்த அளவில் சப்ளையர் பட்டியலும் சுருங்குகிறது. விலை குறைந்த பாகத்தை லட்சக்கணக்கில் செய்வதற்கு அது இன்னும் ஏற்றதல்ல.

எங்கிருந்து தொடங்குவது

சிறிய, நடுத்தர நிறுவனம் ஒன்று இதையெல்லாம் படித்துவிட்டு எதை வாங்குவது என்று கேட்டால், முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள் என்பேன். பாகங்களின் பட்டியலை எடுத்து, இது ஒன்று வராவிட்டால் லைன் நிற்கும் என்பவற்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரே சப்ளையரிடம் வாங்குபவை எவை என்று பாருங்கள். அந்தச் சப்ளையரைக் கூப்பிட்டு, உங்களுக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சிலர் சொல்ல மாட்டார்கள், அந்த மறுப்பையும் பட்டியலில் எழுதுங்கள்.

அடுத்து லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேர ஆகும் காலம். கம்ப்யூட்டரில் 30 நாள் என்று இருக்கும், எப்போதோ யாரோ ஏற்றியது. கடந்த ஒரு வருடத்து ஆர்டர்களை எடுத்து, ஆர்டர் போட்ட தேதிக்கும் சரக்கு உள்ளே வந்த தேதிக்கும் உள்ள உண்மை இடைவெளியைக் கணக்கிட்டால் 22, 35, 61, 28 என்று வேறு கதை தெரியும். இந்த எண்களை ஏற்றாமல் எவ்வளவு விலையுள்ள திட்டமிடல் மென்பொருளை வாங்கினாலும் அது 30ஐ வைத்துத்தான் கணக்குப் போடும். சராசரியை மட்டும் ஏற்றாமல், மிக மோசமான அந்த 61ஐயும் பக்கத்தில் எழுதி வையுங்கள். கூடுதல் ஸ்டாக் எவ்வளவு என்று முடிவு செய்ய உதவுவது அந்த எண்.

இதற்கு ஓர் எக்செல் ஷீட் போதும். சென்சார் வாங்குவதென்றால் நின்றால் எல்லாம் நிற்கும் ஒரே ஒரு மெஷினில் ஒட்டிப் பார்த்து, அதிர்வு அறிக்கையைத் தினமும் யார் படிப்பார் என்று ஆளின் பெயரையும் முடிவு செய்துவிட்டு, அப்புறம் இரண்டாவது மெஷினுக்குப் போகலாம்.